கடலோர வீடு: மழையில் பார்த்த பிறகே முன்பணம்!

சொந்த வீடு என்பது ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு. கணவனின் சம்பளம், மனைவியின் கழுத்து நகை, ஊரில் இருந்த காணியை விற்ற பணம், பாங்கியில் வாங்கிய கடன் எல்லாம் அதில் போய்ச் சேருகின்றன. கடன் அடைந்து முடிய 20 ஆண்டுகள்கூட ஆகலாம்.

இவ்வளவு பெரிய காரியத்தைப் பலர் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் முடித்துவிடுகிறார்கள்!

சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை போகிறது. பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி என்று வரிசையாக ஊர்கள். மாலையில் போய் நின்றால் கடற்காற்று ஜிலுஜிலு என்று வீசும். குழந்தைகள் மணலில் ஓடும். "இப்படி ஒரு இடம் கிடைக்குமா?" என்று தரகர் கேட்பார். உடனே முன்பணம் கைமாறிவிடும்.

அந்த வீட்டை மழையில் பார்த்தவர் எத்தனை பேர்?

ஆடியும் மார்கழியும் ஆகாது என்று தள்ளிவைத்து, தையில் பத்திரம் எழுதுகிறார்கள். அதற்கு முன் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அந்தத் தெரு எப்படி இருந்தது? அதைக் கேட்பது இல்லை. சென்னையில் ஓர் ஆண்டில் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை உள்ள மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. அந்த மூன்று மாதமும் தெரியாமல் வீடு வாங்குவது, மாப்பிள்ளையைப் பார்க்காமல் பெண்ணைக் கொடுப்பது போன்றது.

ஆகவே, கடலோரத்தில் வீடு வாங்குகிறவர் ஒரு மழைக்காலம் பொறுத்திருந்து, அந்த இடத்தை மழையில் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

தண்ணீர் எங்கே போகும்?

கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, மழைத் தண்ணீர் ஓடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

கடலுக்கும் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் நடுவே பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. அதற்கு மேற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இருக்கிறது. தென்சென்னையில் பல ஏரிகளின் தண்ணீர் இந்தச் சதுப்பு நிலத்துக்கு வருகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுகிறது. பிறகு தெற்கே ஓடி, முட்டுக்காடு கழிமுகத்தில் கடலைச் சேருகிறது. இவ்வளவு தூரம் சுற்றித்தான் தண்ணீர் போகவேண்டும்.

சதுப்பு நிலம் தண்ணீரைத் தாங்கி வைக்கும் பெரிய தொட்டி போன்றது. ஆனால் அந்தத் தொட்டி ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிவிட்டது. சாலைகளும் கட்டிடங்களும் குப்பைமேடும் அதில் வந்துவிட்டன. மிஞ்சி இருப்பதைக் காக்க, 2022-ல் அது ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலங்களின் பட்டியல் அது.

புயல் நேரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. கடல் மட்டம் உயர்ந்துவிடும். அமாவாசையோ பௌர்ணமியோ சேர்ந்துகொண்டால் இன்னும் உயரும். கழிமுகத்தில் தண்ணீர் வெளியே போக முடியாது. போகிற தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீர் வீட்டுக்குள் வரும்.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி, கரையோரத்துக் குடியிருப்புகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையேறியது ஆந்திராவில்தான். ஆனாலும் சென்னையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் வெள்ளக்காடாயின. அங்கே பல தெருக்களில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. மின்சாரம் இல்லை, குடிநீர் இல்லை, பால் இல்லை. படகில் வந்து ஆட்களை மீட்டார்கள். அவற்றில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிகளும் இருந்தன.

மாடியில் வீடு வாங்கினால் பயம் இல்லையா? வீட்டுக்குள் தண்ணீர் வராமல் இருக்கலாம். ஆனால் லிப்ட், தண்ணீர் மோட்டார், மின்சாரப் பெட்டி எல்லாம் கீழேதான் இருக்கின்றன. அவை மூழ்கினால் ஐந்தாவது மாடியில் இருக்கும் பாட்டிக்கும் கஷ்டம்தான்.

யாரைக் கேட்பது?

விற்கிறவரைக் கேட்டால் "இங்கே தண்ணீரே வராது" என்பார். அவரைக் கேட்டுப் பயன் இல்லை.

அதே தெருவில் பெட்டிக்கடைக்காரரைக் கேட்கலாம். பால் போடுகிறவரைக் கேட்கலாம். மீனவர் குப்பத்துப் பெரியவரைக் கேட்டால் எல்லாம் சொல்லிவிடுவார். "2015-ல் தண்ணீர் எதுவரை வந்தது? 2023-ல் எத்தனை நாள் நின்றது? 2004 சுனாமியில் அலை எந்த இடம்வரை ஏறியது?" இந்த மூன்று கேள்வி போதும்.

சுவரையும் பார்க்க வேண்டும். பழைய வெள்ளத்தின் கறை சுண்ணாம்புக்கு அடியிலும் தெரியும். தெருவைவிட வீட்டின் தரை எவ்வளவு உயரம் என்று அளக்க வேண்டும். சாலையை மேலும் மேலும் போட்டு உயர்த்தினால், இன்று மேடாக இருக்கும் வீடு நாளை பள்ளமாகிவிடும்.

ஊர்ப் பெயரும் உண்மை பேசும். தாங்கல், ஏந்தல், மடுவு, ஏரி என்று பெயர் இருந்தால், அங்கே ஒரு காலத்தில் தண்ணீர் இருந்தது என்று பொருள். போன தண்ணீர் தன் வீட்டைத் தேடித் திரும்பி வரும்.

குடிக்கத் தண்ணீர் உண்டா?

மழையில் வெள்ளம் என்றால், சித்திரையில் தண்ணீர்ப் பஞ்சம்.

கடலோர மணலுக்கு அடியில் நல்ல நீரும் உப்பு நீரும் இருக்கின்றன. நல்ல நீர் லேசானது, மேலே மிதக்கிறது. உப்பு நீர் கனமானது, கீழே நிற்கிறது. ஆளுக்கு ஆள் ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சினால், உப்பு நீர் மேலே ஏறுகிறது. நல்ல நீரின் மட்டம் 1 அடி இறங்கினால், உப்பு நீர் 40 அடிவரை ஏறலாம் என்பது கணக்கு. ஒருமுறை உப்பு ஏறிய கிணற்றை மீண்டும் நல்ல கிணறாக்குவது கடினம்.

எனவே கிணற்றுத் தண்ணீரை மே மாதத்தில் எடுத்துச் சோதிக்க வேண்டும். ஒரு லிட்டரில் கரைந்த உப்புகள் 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. அதற்கும் மேல் போனால், மாதம் தோறும் லாரித் தண்ணீருக்குப் பணம் கட்ட வேண்டியதுதான்.

நெம்மேலியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-ல் தொடங்கியது. 2024-ல் இரண்டாவது ஆலையும் வந்தது. ஆனால் ஆலை ஊரில் இருந்தால் போதாது. குழாய் தெருவுக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாக்கடைக் குழாயையும் அப்படியே பார்க்க வேண்டும். அது இல்லாத தெருவில் கழிவுநீர்த் தொட்டிதான். மணல் பூமியில் அந்தக் கழிவு பக்கத்துக் கிணற்றுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

காற்றும் இரும்பும்

மாலையில் இனிக்கும் அதே காற்றில் உப்பு இருக்கிறது. ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும். குளிர்சாதனப் பெட்டி சீக்கிரம் கெடும். அதைவிட மோசம், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் துருப்பிடிப்பது. துருப்பிடித்த கம்பி பருக்கும். கான்கிரீட் வெடித்து உதிரும்.

கடலோரச் சூழலுக்கு நேரே ஆளாகும் கான்கிரீட்டில், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் பூச்சு வேண்டும் என்று இந்தியக் கட்டட விதி சொல்கிறது. பழைய வீட்டின் மேல்தளத்தில் நீளமான வெடிப்போ, துருக் கறையோ தெரிந்தால் பொறியாளரைக் கூட்டிவந்து காட்ட வேண்டும். அவருக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாய், பல லட்சத்தைக் காப்பாற்றும்.

சட்டம் தூங்காது

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991-ல் வந்தன. 2011-லும் 2019-லும் மாற்றப்பட்டன. கடல் நீர் ஏறும் எல்லைக் கோட்டிலிருந்து 500 மீட்டர்வரை இந்த விதிகள் பாயும். கழி ஓரங்களுக்கும் தனி அளவு உண்டு. சில பகுதிகளில் முதல் 200 மீட்டரில் புதிய வீடு கட்டவே கூடாது.

மீறினால் என்ன ஆகும்? கேரளத்தில் கொச்சியை அடுத்த மரடு என்ற இடத்தைப் பார்த்தால் தெரியும். காயலோரம் எழும்பிய நான்கு அடுக்குமாடிகளை இடிக்கும்படி 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 300-க்கும் மேற்பட்ட வீடுகள் நொடியில் தூளாயின. நல்ல விலை கொடுத்து, பத்திரம் பதிந்து வாங்கிய குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. நஷ்டஈடு கொடுக்கும்படி கோர்ட்டு சொன்னது உண்மை. ஆனால் போன நிம்மதிக்கு நஷ்டஈடு ஏது?

ஆகவே மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, பெருநகர வளர்ச்சிக் குழும அனுமதி, பணி நிறைவுச் சான்று எல்லாவற்றையும் வக்கீலிடம் காட்ட வேண்டும். 'அ' பதிவேட்டில் அந்த நிலம் ஏரி என்றோ, நீர்நிலைப் புறம்போக்கு என்றோ இருந்தால், அந்தப் பக்கமே திரும்பக்கூடாது.

"காத்திருந்தால் விலை ஏறிவிடுமே!"

தரகர் சொல்லும் பெரிய பயமுறுத்தல் இதுதான். விலை ஏறலாம். ஆனால் ஏறிய விலை ஒருமுறைதான் செலவு. வெள்ளம் வரும் வீடோ ஒவ்வொரு மழைக்கும் செலவு. கட்டில், மெத்தை, பிரிட்ஜ், மோட்டார் சைக்கிள் என்று வரிசையாகப் போகும். பிள்ளைகளின் புத்தகமும் சான்றிதழும் போகும். பிறகு விற்கப் போனால் வாங்க ஆள் இராது.

பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. அதே தெருவில் ஐப்பசி முதல் தை வரை ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துக் குடியிருந்து பார்க்கலாம். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கிடைக்குமா, மழையில் பஸ் வருகிறதா என்பதெல்லாம் அந்த நான்கு மாதத்தில் தெரிந்துவிடும். நான்கு மாத வாடகை வீண் செலவு அல்ல.

அரசாங்கமும் ஒன்று செய்யலாம். 2015-லும் 2023-லும் தண்ணீர் நின்ற உயரத்தைத் தெருமுனைக் கல்லில் கோடு போட்டுக் காட்டலாம். விற்பனை ஒப்பந்தத்திலும் அதை எழுத வேண்டும் என்று சட்டம் செய்யலாம். மருந்துப் புட்டியில் எச்சரிக்கை இருக்கிறது. மனிதனின் வாழ்நாள் சேமிப்பில் மட்டும் எச்சரிக்கை வேண்டாமா?

கடலோரத்தில் யாரும் வாழவே கூடாது என்பது இல்லை. மேடான இடமும், நல்ல தண்ணீரும், நேரான பத்திரமும் உள்ள வீடுகள் அங்கே உண்டு. அப்படிப்பட்ட வீடு மழைக்கு அஞ்சாது. கார்த்திகை மழையில் குடையோடு வந்து பார்க்கிறேன் என்று சொன்னால், நல்ல வீட்டை விற்கிறவர் தயங்கமாட்டார். தயங்குகிறவரின் வீடு வேண்டாம்!