தலையில் வைத்த குழாயும் வயிற்றில் வந்த கட்டியும்



நெளுக்குளத்தில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு தங்கச்சியின் கதை இது. "பேர் போடாமல் எழுதுங்கோ அக்கா, மற்றவைக்கும் உதவும்" என்று அவரே சொன்னார்.

2009 இல் செல் துண்டு தலையில் பட்டு, பிறகு மூளையில் நீர் தேங்கியதால் அவருக்குக் குழாய் வைத்தார்கள். கணவரை இழந்தவர். போன வருடம் வயிறு மெல்ல மெல்ல வீங்கத் தொடங்கியது. கணவர் இல்லாத பெண்ணின் வயிறு வீங்கினால் ஊர் என்ன கதைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாய் கூசாமல் நேரே கேட்டவர்களும் உண்டு. அவர் தண்ணீர் அள்ளவும் வெளியே வராமல் விட்டார். காஸ்ரைட்டிஸ் குளிசையோடு இரண்டு மாதம் போனது.

நான் தொட்டுப் பார்த்தபோது வலது விலாவுக்குக் கீழே கல்லுப் போல இருந்தது. வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனேன். ஸ்கானில் ஈரலுக்குக் கீழே பெரிய நீர்ப் பை. ஈரலில் சீழ்க்கட்டியோ, ஊசி போட்டு எடுப்போமோ என்று கதைத்தார்கள். பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் கழுத்திலிருந்து நெஞ்சு வழியாக வயிற்றுக்கு ஒரு வெள்ளைக் கோடு. "இது என்ன அம்மா?" என்று டொக்டர் கேட்க, இவர் தலையைக் குனிந்தார்.

"ஏன் பிள்ளை முதலே சொல்லேல்லை?"

"எங்கை, எப்பிடிக் காயம் பட்டது எண்டு கேப்பினம் அக்கா."

எனக்கு வாயடைத்துப் போனது. அந்தப் பயம் எனக்கும் தெரிந்ததுதான்.

எங்கள் மூளை ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை லீற்றர் நீரைச் சுரக்கிறது. அது வடியும் வழி அடைபட்டால், தோலுக்கு அடியால் 'ஷன்ட்' என்ற மெல்லிய குழாயை வயிற்றறைக்குள் இறக்கி விடுவார்கள். வயிற்றின் உட்சவ்வு அந்த நீரை உறிஞ்சிவிடும். குழாயின் நுனியில் கிருமி தொற்றினாலோ, முன்னைய காயத்தால் குடல்கள் ஒட்டிக் கிடந்தாலோ, நீர் பரவாமல் ஒரு பைக்குள் சேரும். இதைப் போலி நீர்க்கட்டி என்பார்கள். இது புற்றுநோய் அல்ல. குழாய் வைத்துச் சில கிழமைகளிலும் வரலாம், பல வருடங்கள் கழித்தும் வரலாம். பெரியவர்களுக்கு அனேகமாக வயிற்று நோவும் வீக்கமும்தான் முன்னுக்கு வரும். அதனால்தான் தலையை ஒருவரும் நினைப்பதில்லை. தலையிடி, சத்தி, அளவுக்கு மிஞ்சிய நித்திரை, காய்ச்சல் சேர்ந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

கட்டியை மட்டும் ஊசியால் வடித்தால் பெரும்பாலும் திரும்ப நிரம்பும். இவரைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே குழாயின் கீழ் நுனியை வெளியே எடுத்து, நீரை வடியவிட்டு, கிருமிக்கு மருந்து ஏற்றி, பிறகு வயிற்றின் வேறு பக்கத்தில் வைத்தார்கள்.

உங்களில் எவருக்காவது இப்படிக் குழாய் இருந்தால், எந்த வருத்தத்துக்குப் போனாலும் அதை முதலில் சொல்லுங்கள். கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கிலும், வயிற்றில் வேறு சத்திரசிகிச்சை என்றாலும் சொல்லவேண்டும். காயத்தின் கதையைச் சொல்ல விருப்பமில்லையா, விடுங்கள். "தலையிலிருந்து வயிற்றுக்குக் குழாய் இருக்கு" என்றால் போதும்.

தங்கச்சி இப்போது தன் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் அதைச் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறார். எழுதிக் கொடுத்தது அவருடைய மகன்.