பிள்ளை என்னும் பெயர்

தென்னையின் இளமரத்தைக் கன்று என்பாரும் உளர். ஆயினும் நம்மவர் நாவிற் பெரிதும் வழங்குவது தென்னம்பிள்ளை என்பதே. ஓரறிவுயிரின் இளமைக்குப் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்னும் பெயர்களைத் தொல்காப்பிய மரபியல் உடன்படுகின்றது. அவற்றுள் பிள்ளையைத் தென்னைக்கு உரிமையாக்கிய வழக்கு, நடுவார்மேல் ஒரு கடமையையும் ஏற்றிவைத்தது என்பது என் துணிபு.

பெற்ற பிள்ளை கைவிட்டாலும் வைத்த பிள்ளை கைவிடாது என்கிறோம். பிள்ளைக்கு நாம் என்செய்தோம் என்று கேட்பார் அரியர். மூதுரையிலே ஔவையார் நன்றிக்குத் தென்னையை உவமித்தார். மரம் தலையால் தருதலை விரித்துரைக்கும் ஆசிரியர் பலர், அது தாளால் நீருண்டமையை விரைந்து கடந்துவிடுகின்றனர். ஊட்டுவார் இன்றி உண்ணுமாறு எங்ஙனம்?

தெல்தெனியவில் இவ்வினாவுக்கு வலிமை மிகுதி. பழைய நகரம், 1984 ஆம் ஆண்டில் நீர் தேங்கத் தொடங்கிய விக்டோரியா நீர்த்தேக்கத்துள் ஆழ்ந்தது. மரத்துக்கு விலை மதிக்கலாம். அதனை வளர்த்த ஆண்டுகளுக்கு விலை மதித்தல் இயலாது. நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் வேண்டும். மேட்டு நிலத்திற் குடியேறியோர் அவ்வாண்டுகளை மீண்டும் முதலிலிருந்து எண்ணவேண்டியதாயிற்று.

தென்மேற்குப் பருவக்காற்று மலைகளில் மழையைச் சொரிந்து வறண்டே இப்பக்கம் வருமாதலின், ஆனி முதல் ஆவணி வரை இங்கு மண் காய்கின்றது. பாளை வெடித்தபின் காய் முற்ற ஏறத்தாழ ஓராண்டு செல்லும். அப்பாளையோ வெடிப்பதற்கு ஈராண்டுக்கு மேலாகவே குருத்தினுள் வளர்கின்றது. ஆகவே இவ்வாண்டின் தாகம் மறு ஆண்டின் காய்க்குறைவாகத் தோன்றும். அப்போது நாம் மரத்தைப் பழிப்போம். பயன் எப்போது வருமென்று ஐயுறவேண்டா என்ற ஔவை வாக்கு, மரத்தின் இயல்பையும் அறிந்து கூறியது போலும்!

செய்யவேண்டுவன சிலவே. மூன்றடி நீள அகல ஆழமுடைய குழியின் அடியிலே உரித்த பொச்சுமட்டைகளை நார்ப்புறம் மேலாக அடுக்குக. அவை மழைநீரை ஏற்றுவைத்துக் கோடையில் வேருக்கு ஈயும். விழுந்த ஓலைகளை எரியாது அடியிற் பரப்புக. ஏறுவதற்கெனத் தண்டிற் படி வெட்டற்க. தென்னையின் புண் தோல் மூடி ஆறுவதன்று. அவ்வழியே சிவப்புக் கூன்வண்டு முட்டையிடும். குருத்து ஒன்றே அதன் உயிர்நிலை. அது பட்டால் மரம் பட்டது.

குரங்குகள் குரும்பையைக் கவர்கின்றனவே, வளர்த்துப் பயன் என்னை என்பர் சிலர். அவ்விடர் மெய்யே, அஃது ஊர் கூடித் தீர்க்கற்பாலது. நீரூற்றாமைக்கு அது விடையாகாது.

மூதுரை கற்பிக்கும் பள்ளிதோறும் ஒரு தென்னம்பிள்ளை வைத்து, அதனை மாணவர் பொறுப்பில் விடுக. ஆறாம் வகுப்பில் நட்டவர், உயர்தரத் தேர்வு எழுதிப் பள்ளியை நீங்குங்காற் பாளையைக் காண்பர். அச்செய்யுளுக்கு அதனினும் தெளிந்த உரை யான் அறியேன்.