கீபோர்டு வாசிக்கும் தம்பி எந்த அணி?



ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் மண்டபத்தின் பின்பக்கம் நடக்கும் வாக்குவாதம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு மூலையில் பிரேக்கர்ஸ் கட்சி, இன்னொரு மூலையில் டுவாடரா கட்சி. தெற்கே பாப்பாகுராவிலிருந்து வருகிற இரண்டு மூன்று பேர் ஃபிராங்க்ளின் புல்ஸ் என்று தனியாக நிற்பார்கள். யாருக்கு ரசிகர்கள் அதிகம், அடுத்த சீசனுக்கு எந்த வீரர் எங்கே போகிறார் என்று பேச்சு நீளும். அம்மாமார் வந்து காருக்குக் கூப்பிட்டால்தான் முடியும்.

அதில் ஒரு தப்பும் இல்லை. கூடைப்பந்து பிறந்ததே ஒய்.எம்.சி.ஏ.வில்தான். இறையியல் படித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இரண்டு பீச் பழக்கூடைகளை உயரத்தில் மாட்டித் தொடங்கிய விளையாட்டு அது. சென்னையில் ஹாரி க்ரோ பக் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் இருக்கிறது. விளையாட்டு நமக்கு அந்நியமல்ல.

ஆனால் ஒரே நகரத்தில் பல அணிகள் ரசிகருக்கும் நட்சத்திர வீரருக்கும் போட்டி போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஆக்லாந்தே நல்ல பாடம். 1990களில் இங்கே ஆக்லாந்து ஸ்டார்ஸ்தான் பெரிய பெயர். 1995, 1996, 1997 என்று தொடர்ந்து மூன்று முறை தேசிய லீகை வென்ற அணி. இன்று அந்தப் பெயர் லீகில் இல்லை. பின்னால் வந்த ஆக்லாந்து பைரட்ஸ் 2012இல் கோப்பையைத் தூக்கியது. அடுத்த ஆண்டு அந்த அணியே களத்தில் இல்லை! பிறகு சூப்பர் சிட்டி ரேஞ்சர்ஸ், ஹஸ்கீஸ், 2022 முதல் டுவாடரா. கோப்பையும் நட்சத்திரமும் இருந்துவிட்டால் ஓர் அணி நிலைத்துவிடும் என்பதில்லை.

2003இல் ஆஸ்திரேலிய லீகில் சேர்ந்த பிரேக்கர்ஸ் நான்கு கோப்பைகளை வென்றது. அவர்களிடமும் இரண்டு வகை வீரர்களைப் பார்க்கிறோம். 2019இல் ஆர்.ஜே. ஹாம்ப்டன் என்ற அமெரிக்க இளைஞர் வந்தபோது நகரமே பேசியது. ஒரே சீசன், பிறகு என்.பி.ஏ. போய்விட்டார். அவர் அப்படிப் போவதற்கென்றே அமைந்த ஒப்பந்தம் அது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்னொருவர் தாமஸ் அபர்க்ரோம்பி. 2008இல் வந்தார்; 2024இல் ஓய்வு பெறும் வரை அந்த லீகில் வேறு எந்த அணிக்கும் ஆடவில்லை. நான்கு கோப்பைகளிலும் அவர் பங்கு உண்டு.

நியூயார்க்கிலும் இதே கதைதான். 2019இல் நிக்ஸ் அணியின் ரசிகர்கள் கெவின் டுராண்டுக்காகக் காத்திருந்தார்கள். அவரும் கைரி இர்விங்கும் அதே நகரத்தின் புரூக்ளின் நெட்ஸில் சேர்ந்தார்கள். 2023 பிப்ரவரிக்குள் இருவருமே வேறு ஊர் அணிகளுக்குப் போய்விட்டார்கள். கோப்பை வரவில்லை.

இவ்வளவும் சொன்னது விளையாட்டைப் பற்றி மட்டும் பேசுவதற்கல்ல. இப்போது எங்கள் குற்றத்தைச் சொல்ல வேண்டும்.

போன வருடம் நம் கீபோர்டு அண்ணா படிப்புக்காக டனீடன் போனார். கிறிஸ்மஸ் கரோல் நெருங்கியது. நகரத்தின் மறுபக்கம் உள்ள இன்னொரு தமிழ் ஐக்கியத்தில் ஒரு தம்பி அருமையாக வாசிப்பார் என்று கேள்விப்பட்டு, "ஒரு வாரம் மட்டும்" என்று நாங்கள்தான் அழைத்தோம். பயிற்சிக்குக் கூட்டிவந்தோம், முடிந்ததும் பீட்சா வாங்கிக் கொடுத்தோம், நம் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தோம். ஒரு வாரம் ஒரு வருடமாகிவிட்டது. நம் கரோல் இரவு நன்றாக இருந்தது என்று எல்லாரும் பாராட்டினீர்கள். இருபது குடும்பங்கள் மட்டுமே உள்ள அந்தச் சபை, அந்தக் கிறிஸ்மஸுக்குப் போனில் இசையைப் போட்டுப் பாடியது.

சில மாதங்களுக்கு முன் அந்தச் சபை அக்கா ஒருவரைக் கடையில் சந்தித்தோம். அவர் கோபப்படவில்லை. "தம்பி சுகமா இருக்கிறாரா? அவருக்கு முதல் முதல் கீபோர்டு சொல்லிக் குடுத்தது எங்கட பாஸ்டர் ஐயாதான்" என்றார். எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

சபை மாறுவதே பாவம் என்று நாங்கள் சொல்லவில்லை. வீடு மாறும், வேலை மாறும், மனம் காயப்படும். மாறுவதற்கு நல்ல காரணங்கள் உண்டு. அந்தத் தம்பிக்கும் தன் இஷ்டப்படி தெரிவு செய்ய உரிமை உண்டு. ஆனால் அவர் தேடி வரவில்லை. நாங்கள் தேடிப் போய் எடுத்தோம். ஓர் அணி அப்படிச் செய்தால் அது தொழில். கொரிந்து சபையார் பவுல் கட்சி, அப்பொல்லோ கட்சி என்று பிரிந்து நின்றபோது பவுல் தன் கட்சிக்கு ஆள் சேர்க்கவில்லை. விதைத்தவரும் தண்ணீர் ஊற்றியவரும் வேலைக்காரர்கள்தான், வளர்ச்சி தேவனுடையது என்று சொல்லி இரண்டு கட்சியையும் உட்கார வைத்தார். நெய்ஸ்மித்தின் முதல் விதிகளிலும் பந்தைப் பிடித்தவர் அதோடு ஓடக்கூடாது. பிடித்த இடத்திலிருந்தே அடுத்தவருக்கு எறிய வேண்டும். நாங்கள் பந்தோடு ஓடிவிட்டோம்.

அதனால் சபையின் முன் மூன்று காரியங்களை வைக்கிறோம். முதலாவது, வேறு சபையிலிருந்து ஒருவரை ஊழியத்துக்கு அழைக்குமுன் அந்தச் சபைத் தலைவரிடம் பேசி அனுமதி கேட்போம். இரண்டாவது, தம்பியிடமும் அவர் பெற்றோரிடமும் பேசினோம். மாதத்தில் இரண்டு ஞாயிறு தன் பழைய சபையில் வாசிக்க அவருக்கு விருப்பம். அந்த ஞாயிறுகளில் நம் ஆராதனையில் கீபோர்டு இருக்காது. கைத்தட்டோடு பாடுவோம். அதற்குள் நம் சின்னவர்களில் இருவர் கற்றுக்கொள்ளட்டும். கற்றுக்கொடுக்கத் தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார். இது நமக்குக் குறைவாகத் தோன்றும். முணுமுணுக்க வேண்டாம் என்று பெரியவர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

மூன்றாவது, குளிர்காலத்தில் டுவாடராவும் புல்ஸும் மோதும் ஆட்டம் ஒன்றுக்கு அந்தச் சபை வாலிபரையும் சேர்த்து ஒன்றாகப் போவோம். அழைப்பை நாங்களே நேரில் போய்ச் சொல்கிறோம். மன்னிப்பும் அப்போதே கேட்கிறோம். அரங்கில் நீங்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உட்கார்ந்து கத்தலாம். வரும்போது ஒரே வேனில் வருவோம்.