பேயா? நரம்பா?

இரண்டு வயதுக் குழந்தையொன்று விளையாடுகையில் கதவு நிலையில் தலையை இலேசாக இடித்துக்கொள்ளுகின்றது. அழ வாயெடுத்தது அழாமலேயே முகம் வெளுத்து, கைகால் துவண்டு விழுந்து விடுகின்றது. ஒரு நிமிஷத்திற்குள் தானாகவே கண்ணும் விழித்துக்கொள்ளுகின்றது. அதற்குள் வீட்டில் "காற்றுச் சேஷ்டை" என்று தீர்ப்பாகி, பூசாரிக்கு ஆள் போய்விடுகின்றது. விபூதி, தாயத்து, கறுப்புக் கோழி இவ்வளவுக்கும் கடன் வாங்கியாவது பணம் கொடுக்கப்படுகின்றது. சில இடங்களில் பச்சைக் குழந்தைக்குச் சூடு போடும் கொடுமையும் நடக்கின்றது. பூசாரி வராவிட்டாலும் அக்குழந்தை எழுந்திருக்குமா இல்லையா என்று பொறுத்துப் பார்த்தவர்கள் யார் என்று கேட்கின்றோம்.

தோழர்களே! துடிக்கும் சக்தி இருதயத் தசையிலேயே இருக்கின்றது. ஆனால், அத்துடிப்பை ஏற்றி இறக்குபவை நமது இஷ்டத்திற்குக் கட்டுப்படாத இருவகை நரம்புகள். பரிவு நரம்பு என்பது முடுக்கி விடும். வேகஸ் என்பது கடிவாளம் பிடிக்கும். வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டினால் இருதயம் மெதுவாகி நின்றுவிடுவதை 1845-ல் வெபர் சகோதரர்கள் கண்டார்கள். 1921-ல் ஆட்டோ லோவி என்பவர், ஒரு தவளையின் இருதயத்தை இவ்விதம் மெதுவாக்கி, அதிலிருந்த உப்பு நீரை மற்றொரு இருதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாயிற்று! நரம்பு முனையில் சுரந்த ஒரு இரசாயனப் பொருளே அவ்வேலையைச் செய்தது. இதற்காக அவருக்கும் ஹென்றி டேலுக்கும் 1936-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பிறந்த குழந்தைக்கு முடுக்கும் நரம்புகள் இருதயத் தசையில் முழுதும் படர்ந்திருப்பதில்லை. தசையும் முதிராததால், பலமாகச் சுருங்கி அதிக இரத்தம் தள்ள அதற்கு இயலாது, வேகத்தைத்தான் நம்பியிருக்கின்றது. பெரியவர்களுக்கு நிமிஷத்திற்கு 60 முதல் 100 துடிப்பென்றால், அதற்கு 120 முதல் 160 சாதாரணம். வளர வளர இது குறையும். ஆனால் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையில், சில குழந்தைகளுக்குத் திடீர் வலியிலோ பயத்திலோ வேகஸ் நரம்பு அளவுக்கு மீறிக் கடிவாளத்தை இழுத்துவிடுகின்றது. இருதயம் சில விநாடி நின்று, மூளைக்கு இரத்தம் குறைய, குழந்தை விழுகின்றது. பயந்துதான் விழுந்தது என்று பாட்டி சொல்லுவது பொய்யல்ல. பேய்தான் பூசாரியின் சரக்கு. வயது ஏற ஏறத் தானே நின்றுபோகும் இதைத் தாயத்தின் கணக்கில் எழுதிக்கொள்ளுகிறார்கள்.

பணம் போவதோடு நின்றால் நாம் இவ்வளவு எழுதமாட்டோம். ஓடும்போதும், நீந்தும்போதும், திடீர்ச் சத்தம் கேட்டும் மயங்கி விழும் குழந்தைகளில் சிலருக்கு இருதயத்தின் மின்னோட்டத்தில் பிறவிக் கோளாறு உண்டு. அவர்களுக்கு முடுக்கும் நரம்பே எமன். தாளம் கெட்டு உயிரே போகலாம். அப்படிப்பட்ட குழந்தையின் காதருகே உடுக்கை அடிப்பதை என்னவென்று சொல்லுவது? ஈ.சி.ஜி. எடுத்தால் இக்கோளாறு பெரும்பாலும் தெரிந்துவிடும். அடக்க மருந்தும் உண்டு. குடும்பத்தில் இளவயதில் திடீரென மாண்டவர்கள் இருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்கலாகாது. இரத்தத்தில் இரும்புச் சத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும். வெளுத்து விழும் குழந்தைகள் பலருக்கு அக்குறை தீர்ந்தால் மயக்கமும் குறைகின்றது. மறுபடி விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், பிடித்துக் குலுக்காதீர்கள். ஒரு நிமிஷத்தில் தெளியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.