சான்றிதழும் நற்சான்றும்

வேலை தேடும் இளைஞர் ஒருவரின் கோவையில் இரு வகைத் தாள்கள் இருக்கும். ஒரு வகை, பரீட்சைப் பெறுபேறுகளும் பயிற்சிச் சான்றிதழ்களும். மற்றைய வகை, பாடசாலை அதிபர், கிராம அலுவலர், பங்குத்தந்தை ஆகியோர் வழங்கும் நற்சான்றுப் பத்திரங்கள். முதல் வகைக்காக நம் பெற்றோர் நகையை அடகு வைத்தும் செலவிடுகின்றனர். இரண்டாவதோ நேர்முகப் பரீட்சைக்கு முந்திய நாள் அவசரமாகக் கேட்டு வாங்கப்படும் கடிதமாகிவிட்டது. ஆனால் அக்கடிதம் குறிப்பிடும் நன்னடத்தை ஒரே நாளில் உருவாவதன்று.

தொடக்கத் திருச்சபையில், கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. அப்பணிக்கென எழுவரைத் தெரிவுசெய்யுமாறு கூறிய திருத்தூதர்கள், நற்பெயர், தூய ஆவியின் அருள், ஞானம் ஆகியவற்றையே தகைமைகளாக முன்வைத்தனர் (திருத்தூதர் பணிகள் 6). உணவைப் பங்கிடக் கணக்கறிந்த எவராலும் இயலும். புறக்கணிக்கப்பட்டோரின் மனக்காயத்தை ஆற்ற நேர்மையும் பரிவும் உள்ளவரே வேண்டும். அங்கு தேவைப்பட்டது கைத்திறன் மட்டுமன்று, நம்பிக்கைக்குரிய மனிதர்கள்.

இதனால் திறமை தேவையில்லை என்று பொருளாகாது. சவுல் மன்னனுக்கு யாழ் மீட்டும் ஒருவர் தேவைப்பட்டபோது, தாவீதைப் பரிந்துரைத்த பணியாளர் முதலில் அவரது இசைத்திறனைக் குறிப்பிட்டார். பின்னர் அவரது வீரத்தையும், பேச்சில் உள்ள விவேகத்தையும், ஆண்டவர் அவரோடிருப்பதையும் எடுத்துரைத்தார் (1 சாமுவேல் 16). எவரும் பாராத மேய்ச்சல் நிலத்தில் ஆடுகளைக் காத்த நாட்களே அந்த நற்சான்றை எழுதின.

நம் பிள்ளைகளுக்கும் அத்தகைய நிலங்கள் உண்டு. திருப்பலிக்கு முன்னரே வந்து மெழுகுதிரி ஏற்றும் பீடப்பணியாளர், திருவிழாச் செலவுக் கணக்கைச் சதம் பிசகாமல் ஒப்படைக்கும் இளையோர் மன்றப் பொருளாளர், தவறு நேர்ந்தால் அதை ஒப்புக்கொள்ளும் மகள், தெரியாததைத் தெரியாதெனக் கூறிக் கற்க முன்வரும் மகன் ஆகியோர் தொழிலுக்கான ஆயத்தத்தில் பாதியை முடித்துவிட்டனர். ஒவ்வொரு தவறுக்கும் பிள்ளைக்காகத் தாமே சாட்டுச் சொல்லும் பெற்றோர், அறியாமலேயே இப்பயிற்சியைக் கெடுக்கின்றனர்.

எனினும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வேலை கிடைக்காதவரிடம் குறை கண்டுபிடிப்பது எளிது. இயேசுவின் உவமையில், மாலை ஐந்து மணி வரை சந்தைவெளியில் நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களை எவரும் அழைக்கவில்லை (மத்தேயு 20). நம் வீடுகளிலும் அவ்வாறு காத்திருப்போர் உள்ளனர். விருந்தினர் முன்னிலையில் அவர்களை அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது, ஏற்கெனவே காயப்பட்ட மனத்தை மேலும் குத்துவதாகும்.

வேலை கொடுப்போருக்கும் ஒரு கடமை உண்டு. சரளமான ஆங்கிலமும் விலையுயர்ந்த ஆடையும் ஆளுமை ஆகிவிடா. பொன்மோதிரம் அணிந்தவருக்கு முதலிடம் அளிப்பதைப் புனித யாக்கோபு கண்டிக்கிறார். தொழிலின் மதிப்பு அதைச் செய்யும் மனிதரின் மாண்பிலிருந்தே பிறக்கிறது என்பதைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் வெளியிட்ட தொழில் பற்றிய சுற்றுமடலில் தெளிவுபடுத்தினார்.

திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955இல் ஏற்படுத்திய தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாளை ஆண்டுதோறும் மே 1ஆம் திகதி நினைவுகூருகின்றோம். நற்செய்தி நூல்களில் அவர் பேசியதாக ஒரு சொல்லேனும் இல்லை. ஆயினும் அவரைப் பற்றி இரண்டு செய்திகள் உள்ளன: அவர் தச்சர், அவர் நேர்மையாளர். தொழிலும் குணமும் சேர்ந்த அந்த இரண்டு தாள்களும் நம் பிள்ளைகளின் கோவையிலும் இருக்க அவரது பரிந்துரையை மன்றாடுவோம். வேலைக்காகக் காத்திருப்போரின் கரங்களைத் தளரவிடாமல் பற்றிக்கொள்வோம்.