கூண்டுக்குள் ஒரு கிண்ணம்

மே மாதப் பகல். டெல்லியோ நாக்பூரோ, ஏதாவது ஒரு பெரிய ரயில் நிலையத்தின் பார்சல் பகுதி. சாக்கு மூட்டைகள், மோட்டார் சைக்கிள்கள், மருந்துப் பெட்டிகள். இவற்றுக்கு நடுவே மரக் கூண்டு ஒன்று. உள்ளே இரண்டு மாதம்கூட நிறைந்திராத ஒரு லேப்ரடார் குட்டி. வாய் பிளந்திருக்கிறது, நாக்கு தொங்குகிறது. ரசீது இருக்கிறது. கால்நடை மருத்துவரின் சான்றிதழ் இருக்கிறது. கழுத்தில் புதுப் பட்டைகூட இருக்கிறது. தண்ணீர் மட்டும் இல்லை. கேட்டால் கிடைக்கும் பதில் எந்த ஊரிலும் ஒன்றுதான்: "வைத்தா கொட்டிடும் சார், கூண்டெல்லாம் நனைஞ்சிடும்."

கொட்டிவிடும் என்பது உண்மைதான். ஆனால் நனைந்த கூண்டைத் துடைத்துவிடலாம். வறண்டுபோன குட்டியை மீட்பது அத்தனை சுலபமல்ல.

நாய்க்கு மனிதரைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பாதங்களில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி வெப்பத்தை வெளியேற்ற அதற்கு இருக்கும் முக்கியமான வழி, நாக்கைத் தொங்கவிட்டு வேகவேகமாக மூச்சு வாங்குவது. நாக்கிலும் வாயிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது உடம்பு குளிர்கிறது. அதாவது ஒவ்வொரு மூச்சுக்கும் அது கொடுக்கும் விலை தண்ணீர். காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் அதன் மூச்சே புழுக்கத்தைக் கூட்டிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு மூச்சு வாங்கினாலும் உடம்பு குளிர்வதில்லை, தண்ணீர்தான் செலவாகிறது.

நாயின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறக்குறைய 38.3லிருந்து 39.2 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. வெளியே 44 டிகிரி கொளுத்தும் ஊரில் இந்த இடைவெளி எவ்வளவு குறுகலானது என்று சொல்ல வேண்டியதில்லை. உடல் எடையில் பத்து சதவீத அளவுக்கு நீர் வற்றினால் நிலைமை கவலைக்கிடம். மூன்று கிலோ எடையுள்ள குட்டிக்கு அந்தப் பத்து சதவீதம் என்பது 300 மில்லி. கிட்டத்தட்ட ஒன்றரை டம்ளர் தண்ணீர். அதற்கும் மரணத்துக்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், இதையெல்லாம் அரசு எப்போதோ யோசித்துவிட்டது. விலங்குகளைக் கொண்டுசெல்வது பற்றிய மத்திய அரசின் விதிகள் 1978ல் வந்தன. அவற்றில் நாய்களுக்கும் பூனைகளுக்கும் தனி அத்தியாயமே உண்டு. நெடுந்தூரப் பயணமானால், புறப்படுவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பே உணவும் தண்ணீரும் கொடுத்திருக்க வேண்டும். பசியோடும் தாகத்தோடும் இருக்கும் பிராணியைக் கூண்டில் அடைத்து அனுப்பவே கூடாது. வழியில் கோடையில் நான்கு மணிக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் ஆறு மணிக்கு ஒருமுறை போதிய குடிதண்ணீர். வளர்ந்த நாய்க்குப் பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை சாப்பாடு, குட்டிக்கு நான்கு மணிக்கு ஒருமுறை. ரயில் பயணம் ஆறு மணி நேரத்துக்கு மேல் என்றால், கூடவே ஓர் ஆள் போக வேண்டும். எல்லா நிலையங்களிலும் அவர் பிராணியிடம் போய்வர வழி இருக்க வேண்டும்.

காகிதத்தில் குறையொன்றும் இல்லை. குறை இருப்பது பிளாட்பாரத்தில். முதல் வகுப்பு ஏசியில் தனிக் கூப்பே கிடைக்காதவர்களின் நாய், பிரேக் வேனில் உள்ள நாய்ப் பெட்டிக்குத்தான் போக வேண்டும். பிரேக் வேன் பெரும்பாலும் வண்டியின் கோடியில். எஜமானரின் இருக்கை நடுவில் எங்கோ. வண்டி நிற்பதோ இரண்டு நிமிடம். கையில் பாட்டிலோடு பதினைந்து பெட்டிகளைக் கடந்து ஓடி, கார்டிடம் (2022லிருந்து அவர் 'டிரெயின் மேனேஜர்') சொல்லிக் கதவைத் திறக்கவைத்து, கிண்ணத்தை நிரப்பிவிட்டுத் திரும்பி ஓடிவர ஒலிம்பிக் வீரரால்தான் முடியும். வழியில் நாய்க்கு வேண்டிய தண்ணீரும் சாப்பாடும் எஜமானரின் பொறுப்பு என்கிறது ரயில்வே. பொறுப்பு கொடுக்கப்பட்டிருக்கிறது, நேரம் கொடுக்கப்படவில்லை.

ரயிலில் வரும் குட்டிக்காவது ரசீது உண்டு. தனியார் பஸ்ஸின் அடிவயிற்றில், ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிக்குள் இரவோடு இரவாக ஊர் மாறும் குட்டிகளுக்கு அதுவும் இல்லை. நாய் வளர்ப்பு, விற்பனை பற்றி 2017ல் வந்த விதிகள் எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. அட்டைப் பெட்டியைத் திறந்து வயதை யார் பார்ப்பது?

இந்தச் சட்டங்களின் ஆரம்பத்தில் ஒரு நாட்டியக் கலைஞர் இருக்கிறார். கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் 1952ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். விலங்குவதைத் தடுப்புக்காக அவர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதியளித்த பிறகு அதைத் திரும்பப் பெற்றார். 1960ல் சட்டம் வந்தது. 1962ல் அதன்கீழ் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். போதிய உணவும் தண்ணீரும் இருப்பிடமும் கொடுக்காமல் விடுவது குற்றம் என்று அந்தச் சட்டத்தின் 11வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஜல்லிக்கட்டு வழக்கில் 2014ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், விலங்குகளுக்கான ஐந்து சுதந்திரங்களைப் பட்டியலிட்டபோது பசி, தாகத்திலிருந்து விடுதலையை அவற்றில் ஒன்றாகச் சொன்னது. அதே ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் தமிழகச் சட்டத் திருத்தம் செல்லும் என்று 2023ல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது வேறு கதை. தண்ணீர் விஷயத்தில் காளைக் கட்சிக்கும் எதிர்க் கட்சிக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

ஆனால் தண்டனை? முதல் குற்றத்துக்குச் சட்டத்தில் எழுதியிருக்கும் அபராதம் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். குட்டிக்குத் தண்ணீர் கொடுக்காததற்கான குறைந்தபட்ச அபராதத்தை வைத்து ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீர்கூட வாங்க முடியாது.

பார்சல்காரர்களையும் பஸ்காரர்களையும் மட்டும் குற்றம் சொல்வது நியாயமல்ல. குருகிராமிலும் பெங்களூரிலும் மும்பையிலும் அடுக்குமாடி வீடுகளுக்குள் இன்னொரு கூண்டு வந்து சேர்ந்திருக்கிறது. குட்டி செருப்பைக் கடிக்காமல், சோபாவை நனைக்காமல் இருக்க அதைக் கம்பிக் கூண்டில் விட்டுப் பழக்குவது வெளிநாட்டு முறை. முறையில் தவறில்லை. படுக்கை விரித்து, பொம்மை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் குட்டி அதைத் தன் அறையாகவே நினைத்துக்கொள்ளும். சிக்கல் கணவனும் மனைவியும் காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் போய் இரவு ஏழு மணிக்குத் திரும்பும் வீட்டில் ஆரம்பமாகிறது.

பயிற்சியாளர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். குட்டியின் வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் அது சிறுநீரை அடக்கக்கூடிய அதிகபட்ச மணி நேரம். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. பத்து மணி நேரம் அடைத்துவைத்தால் கூண்டு நனையத்தான் செய்யும். அதைத் தடுக்க எளிய வழி ஒன்றைப் பலரும் தாங்களே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள்: தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடுவது. படுக்கை காய்ந்திருக்கும். குட்டியும் காய்ந்திருக்கும். மாலையில் கதவைத் திறந்ததும் அது கிண்ணத்தில் பாய்ந்து மூச்சுவிடாமல் குடித்து, குடித்ததையெல்லாம் வாந்தியெடுக்கும்போதுதான் 'இதற்கு என்ன வந்தது' என்ற கவலை பிறக்கிறது.

கிண்ணத்தை எடுக்கலாம், ஆனால் எப்போது என்பதுதான் விஷயம். குளிர்ச்சியான அறை, ஆரோக்கியமான குட்டி, ராத்திரி நேரம் என்றால், படுப்பதற்கு ஒரு மணி, இரண்டு மணி முன்னால் தண்ணீரை எடுத்துவிட்டு, கடைசியாக ஒருமுறை வெளியே கூட்டிப்போய் வந்தால் தீங்கில்லை. நடுவில் எழுந்து முனகினால் வெளியே விட்டுக் கொஞ்சம் தண்ணீர் காட்டலாம். பகலுக்கு இந்தச் சலுகை கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடைத்துவைக்க வேண்டியிருந்தால் உள்ளே தண்ணீர் இருந்தே ஆக வேண்டும். கோடையானாலும், உலர்ந்த பிஸ்கட் உணவு சாப்பிடும் குட்டியானாலும், வயிற்றுப்போக்கு கண்டிருந்தாலும் அந்த இரண்டு மணி நேரக் கணக்கும் இல்லை.

கொட்டுகிற பிரச்சினைக்கு நூறு ரூபாய்ப் பொருளிலேயே தீர்வு இருக்கிறது. கூண்டுக் கம்பியில் திருகி மாட்டும் எவர்சில்வர் கிண்ணங்கள் கடையில் கிடைக்கின்றன. குட்டியின் தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே மாட்டினால் காலைப் போட்டுக் கவிழ்க்க முடியாது. விமானக் கூண்டுகளில் தண்ணீர்க் கிண்ணத்தை வெளியிலிருந்தே நிரப்பும்படி பொருத்த வேண்டும் என்பது சர்வதேச விதி. கதவைத் திறக்காமலே ஊற்றிவிடலாம் என்பதால் ரயில் கூண்டுக்கும் அது பொருந்தும். நக்கினால் சொட்டும் உருளைக் குண்டு பாட்டிலும் உண்டு. ஆனால் அதில் குடிக்கக் குட்டி முன்பே பழகியிருக்க வேண்டும், குண்டு அடைத்துக்கொள்கிறதா என்று தினமும் பார்க்கவும் வேண்டும். இரண்டு வெவ்வேறு குட்டிகளுக்கு ஒரே கிண்ணம் வேண்டாம். 1978ல் உலகுக்குத் தெரியவந்த பார்வோ வைரஸ், குட்டிகளை வாந்தியிலும் பேதியிலும் வற்றவைத்தே கொல்கிறது, அது கிண்ணம் வழியாகவும் பரவும்.

ஆபத்து வந்துவிட்டதை அறிய டாக்டர் படிப்பு வேண்டாம். ஈறு பிசுபிசுவென்று ஒட்டும், கண் குழிவிழும், கூப்பிட்டால் தலை தூக்காது. அப்போது வாயில் மடமடவென்று ஊற்றுவது தவறு, தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். தானாகக் குடிக்க முடிந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, சூடு ஏறியிருந்தால் சாதாரணத் தண்ணீரால் உடம்பை நனைத்து, காற்றுப் படும்படி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓட வேண்டும்.

ஆனால் எந்தக் கிண்ணமும் பத்து மணி நேரத் தனிமைக்குப் பதிலாகாது. மத்தியானம் வந்து திறந்துவிட ஒரு பக்கத்து வீட்டுப் பாட்டி, ஒரு வேலைக்கார அம்மா, ஒரு கல்லூரிப் பையன் யாராவது வேண்டும். அப்படி ஒருவரும் இல்லாத வீட்டில், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் குட்டி வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் உபகாரம். ரயிலில் அனுப்புகிறவருக்கும் இதே நியாயம்தான். கூண்டின் கதவைச் சாத்துமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இதை அடுத்துத் திறக்கப்போவது யார், எத்தனை மணிக்கு? பதில் தெரியாதவர் கதவைச் சாத்தக் கூடாது.