கணக்கை முடித்தவர்கள் மீண்டும் மலையேறும்போது

டிசம்பரில் உந்துவப் போயாவோடு சிவனொளிபாத மலைப் பருவகாலம் தொடங்கினால், வெசாக் வரை நல்லதண்ணி நகரில் கடை, தங்குமிடம், வாகனம் என்று ஏதாவது ஒரு வேலை கிடைக்கும். பருவகாலம் முடிந்ததும் தேயிலை மலையை விட்டால் வேறு வழி குறைவு. கணக்கை முடித்துக்கொண்டு போனவர்கள் அதே தோட்ட அலுவலகத்தின் வாசலில் மீண்டும் வேலை கேட்டு நிற்பது இதனால்தான். அவர்களுக்கு வேலை கிடைப்பதில்லை என்று சொல்ல முடியாது. மலைகளில் ஆள் பற்றாக்குறை இருக்கிறது. ஆனால் போனபோது இருந்த வேலையும் திரும்பி வரும்போது கிடைக்கும் வேலையும் ஒன்றல்ல.

போகும்போது அவர் செக்ரோலில் பேர் பதிந்த தொழிலாளி. வரும்போது பெரும்பாலும் 'கைக்காசு' ஆள். பறித்த கொழுந்தை நிறுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று காசைக் கொடுப்பதோடு கொடுக்கல் வாங்கல் முடிந்துவிடுகிறது. அதே கை, அதே மலை, அதே கொழுந்து. பதிவேட்டில் மட்டும் ஆள் இல்லை.

ஏன் கணக்கை முடிக்கிறார்கள்?

பிள்ளையின் படிப்பு, கல்யாணம், வீட்டுத் திருத்தம், அடகுக்கடை. மொத்தமாக ஒரு தொகை கைக்கு வர தோட்டத் தொழிலாளிக்கு இருக்கும் வழி பெரும்பாலும் ஒன்றுதான்: வேலையை விட்டு சேவைக்காலப் பணத்தை எடுப்பது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் வேலையிலிருந்து விலகி ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம். அதனால் 'வயது வந்துவிட்டது, கணக்கை முடியுங்கள்' என்ற பேச்சு 50 வயதுப் பெண்ணுக்கு இயல்பானதாகவே தோன்றுகிறது. ஆனால் 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையின் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60ஆக உயர்த்திவிட்டது. 50 வயதில் பணத்தை எடுப்பது ஓர் உரிமை மட்டுமே. வேலையை விட்டாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, குறைந்தது 5 வருடங்கள் வேலை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் சேர வேண்டும். கடைசியாகப் பெற்ற சம்பளமே இதற்கு அளவுகோல்.

20 வருடம் வேலை செய்த ஒருவர், அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தபோது விலகினார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 3 இலட்சத்து 78 ஆயிரம் ரூபா கிடைக்கும். பிறகு திரும்பி வந்து, 1,550 ரூபா சம்பளத்தில் இன்னும் 4 வருடம் உழைக்கிறார். இடைவெளி விழுந்ததால் இது புதிய சேவை. 5 வருடம் நிறையாததால் இந்த 4 வருடத்துக்குப் பணிக்கொடை எதுவும் இல்லை. விலகாமல் 24 வருடத்தையும் தொடர்ச்சியாக முடித்திருந்தால் 5 இலட்சத்து 20 ஆயிரத்து 800 ரூபா வந்திருக்கும். ஒரு கையெழுத்தின் விலை 1 இலட்சத்து 42 ஆயிரத்து 800 ரூபா.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதானால், அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். ஆணையாளர் நட்டஈடு நிர்ணயிப்பதற்கு 2005இல் வர்த்தமானியில் வந்த சூத்திரப்படி, 20 வருடச் சேவைக்குக் கணக்கு 39 மாதச் சம்பளம். ரூபாவில் ஓர் உச்சவரம்பும் உண்டு. பணிக்கொடை இதற்குப் புறம்பானது. ஆனால் தொழிலாளி தானாக விலகுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டால் இந்தக் கதவு மூடிக்கொள்கிறது. 'எழுத்துமூலச் சம்மதம்' என்று சட்டம் கேட்பது அந்தக் கடிதத்தைத்தான். வெற்றுத்தாளிலோ விளங்காத மொழியிலோ கையெழுத்து வைக்கக்கூடாது என்று சொல்வது இதற்காகவே.

திரும்பி வருபவருக்கு முன்னுரிமை உண்டா?

ஆட்குறைப்பில் போனவரை மீண்டும் ஆள் எடுக்கும்போது முதலில் கூப்பிட வேண்டும் என்பது புதிய யோசனை அல்ல. சர்வதேச தொழில் அமைப்பின் 1982ஆம் ஆண்டு 166ஆம் இலக்கப் பரிந்துரை அதைச் சொல்கிறது. இந்தியாவின் 1947ஆம் ஆண்டுக் கைத்தொழில் பிணக்குச் சட்டத்தில் 25எச் பிரிவு அதை உரிமையாகவே வைத்திருந்தது. அங்கு 2020இல் வந்த புதிய சட்டக்கோவை அந்த உரிமையை ஒரு வருடத்துக்குள் சுருக்கிவிட்டது. இலங்கைத் தொழிலாளி அப்படியொரு பொது உரிமையை நம்பி அலுவலக வாசலுக்குப் போக முடியாது. மீள வேலைக்கு எடுப்பதும், என்ன நிபந்தனையில் எடுப்பது என்பதும் நடைமுறையில் துரையின் தீர்மானம்.

வடக்குக் கிழக்கில் இருப்பவர்கள் இதை மலையகத்தின் தனிக்கதையாகப் பார்க்க வேண்டியதில்லை. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போரோடு நின்றுபோயின. அவற்றின் காணிகளில் புதிய தொழில்கள் வரும் என்று பேசப்படும்போதெல்லாம், அங்கு உழைத்தவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் முதலிடம் உண்டா என்று கேட்பவர்கள் குறைவு. 1977, 1983 வன்செயல்களின்போது மலையகத்தை விட்டு வன்னிக்குப் போனவர்கள் சேவைக்காலத்தையும் சேர்த்தே இழந்தார்கள். தொடர்ச்சி அறுந்துபோன உழைப்பு கணக்கில் வராமல் போவது நம் எல்லோருக்கும் தெரிந்த வலிதான்.

செய்யக்கூடியவை

கைக்காசு ஆளுக்குச் சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்பது தவறான நம்பிக்கை. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தரம், தற்காலிகம், துண்டுவேலை என்று ஆட்களைப் பிரிப்பதில்லை. தொழில்தருநரின் 12 சதவீதமும் தொழிலாளியின் 8 சதவீதமும் முதல் நாளிலிருந்தே சேர வேண்டும். நம்பிக்கை நிதியின் 3 சதவீதம் தனி. வேலை முடிவுறுத்தல் சட்டத்தின் பாதுகாப்புக்கு 12 மாதத்தில் 180 நாள் வேலை தேவை. ஆகவே வேலை செய்த நாட்களையும் நிறுத்த கிலோவையும் சொந்தக் கொப்பியில் எழுதி வைப்பதும், துண்டுகளைப் பத்திரப்படுத்துவதும் நாளைக்குச் சாட்சியாகும். இல்லாவிட்டால் செய்த வேலைக்கு ஆதாரமே இருக்காது.

தொழிற்சங்கங்கள் ஒவ்வொரு முறையும் நாட்சம்பளத்துக்காகவே மேசைக்குப் போகின்றன. அது தேவையானதுதான். ஆனால் சம்பளம் உயர உயர, அதைச் செக்ரோலில் பேர் உள்ளவருக்கு மட்டும் கொடுத்துவிட்டு மற்றவர்களைக் கைக்காசிலும் தேயிலைச் செடிகளைப் பகிர்ந்து கொடுக்கும் முறையிலும் வைத்திருப்பது கம்பனிகளுக்கு இலாபமாகிறது. மீண்டும் வேலைக்கு வருபவரைப் பழைய சேவைக்காலத்தோடு பதிவில் எடுக்க வேண்டும், விலகல் கடிதம் தொழில் அதிகாரி முன்னிலையில் தமிழில் வாசித்துக் காட்டப்பட்ட பிறகே செல்லுபடியாக வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளும் சம்பளக் கோரிக்கையோடு சேர்ந்தே மேசைக்கு வரவேண்டும். ஆள் பற்றாக்குறை என்று கம்பனிகளே சொல்லும் காலம் இது. பேரம் பேச இதைவிட நல்ல நேரம் வராது.